43.75 என்ற புள்ளிக்குள் என்ன இருந்தது: ஒரு மருத்துவ விடுதித் தாதியின் நிகழ்வு ஆய்வு

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஓர் ஆதார வைத்தியசாலை, அங்கே பெண்கள் மருத்துவ விடுதி, அதாவது வார்ட். பல வருடங்களாக அந்த விடுதியிலேயே கடமை செய்த ஒரு தாதி உத்தியோகத்தர் திடீரென்று தன்னை வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும்தான் இருந்தது. அதே மாதம்தான் அந்த விடுதியில் வேலையின் உணர்வுச் சுமையை அளப்பதற்கென்று ஒரு வினாக்கொத்தும் நிரப்பியிருந்தார்கள். அதில் அவருடைய புள்ளி 100க்கு 43.75. கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு, நடுத்தரம்தான், இவவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் மனநல ஆலோசனைக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

கடிதமும் புள்ளியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெரிய சுமை இல்லாத ஒருவர், பழகிய விடுதியை, பழகிய ஆட்களை விட்டுவிட்டு ஏன் போகக் கேட்கிறார்? முன்னர் விடுதிகளில் வேலை செய்து இப்போது தாதிய மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நம் பக்கத்து வைத்தியசாலைகளில் எல்லோரும் கூப்பிடுவதுபோல 'மிஸ்' என்றே அவரை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் புள்ளி எப்படி வந்தது

பயன்படுத்தியது கோபன்ஹேகன் உளசமூக வினாக்கொத்தின் ஒரு பகுதி. டென்மார்க்கில் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். இரண்டாம் பதிப்பு 2010இலும் மூன்றாம் பதிப்பு 2019இலும் வெளிவந்தன. காசு கட்டத் தேவையில்லை என்பதால் நம் போன்ற இடங்களுக்கு வசதி. மாஸ்லாக்கின் உளச்சோர்வு அளவுகோல்தான் இதைவிடப் பிரபலம், ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. தவிர, அது அளப்பது வேறொன்றை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் பதிப்பில் உணர்வுச் சுமைக்கு நான்கு கேள்விகள். உங்கள் வேலை மனதைக் கலக்குகிற சூழ்நிலைகளில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறதா, மற்றவர்களின் சொந்தப் பிரச்சினைகளில் நீங்கள் ஈடுபட வேண்டியிருக்கிறதா, உங்கள் வேலை உணர்வு ரீதியாகக் கடினமானதா, வேலையில் நீங்கள் மனதால் ஒன்றிப்போகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், அவற்றுக்கு 0, 25, 50, 75, 100 என்று புள்ளி. நான்கையும் கூட்டி நான்கால் பிரித்தால் முடிந்தது. மிஸ் போட்டிருந்தது 25, 75, 50, 25. கூட்டினால் 175. அதுதான் 43.75.

இதே வினாக்கொத்தில் 'உணர்ச்சிகளை மறைக்க வேண்டிய தேவை' என்று இன்னொரு சிறு பகுதி இருக்கிறது. விருப்பமில்லாவிட்டாலும் எல்லோரையும் ஒரேமாதிரி நடத்த வேண்டுமா, உங்கள் உணர்ச்சியை மறைக்க வேண்டுமா, எதிரே நிற்பவர் எப்படி நடந்தாலும் நீங்கள் அன்பாக இருக்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள். படிவம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று யாரோ அதை வெட்டிவிட்டார்கள். நான் பிறகு அந்த மூன்றையும் தனியாகக் கேட்டபோது மிஸ் யோசிக்காமல் 100, 100, 75 என்று போட்டார். சராசரி 91.7. வெட்டிய பகுதியில்தான் ஆள் இருந்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் இந்த இரண்டாவது எண்ணும் மேசையில் இருந்திருந்தால் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வினாக்கொத்து ஒரு வேலையிடத்தை, ஒரு குழுவைப் பார்ப்பதற்காகச் செய்தது. ஒரு தனி ஆளின் பெயரைப் போட்டு, புள்ளி போட்டு, அவருக்கு ஆலோசனை வேண்டுமா என்று தீர்மானிப்பது அதன் வேலையே இல்லை. பெயர் எழுதிய படிவங்களைப் பொறுப்புச் சகோதரியின் மேசையில் திறந்தபடி அடுக்கிவைத்துச் சேகரித்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அந்த மேசையில் வைக்கப்போகிற தாளில் 'என் வேலை என்னைக் கலக்குகிறது, எப்போதும்' என்று யார் எழுதுவார்? கடமைப் பட்டியல் போடுகிறவரும் அவர்தானே.

ஏன் 25

முதல் கேள்விக்கு, அதாவது மனதைக் கலக்கும் சூழ்நிலைகளுக்கு, மிஸ் போட்டது 25. எப்போதாவது. ஒரு மருத்துவ விடுதியில் மாரடைப்பும் பக்கவாதமும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் நஞ்சு குடித்துவிட்டு வருகிறவர்களும் மாறி மாறிக் கிடக்க, எப்போதாவது என்றால் எப்படி என்று கேட்டேன்.

"2004இல நான் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை. கடற்கரையில இருந்து எடுத்து வரிசையா வைச்சிருந்ததுக்குள்ள எங்கட மாமியத் தேடி நடந்தனான். அதுக்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்தா இதெல்லாம் என்னக்கா?" என்றார்.

இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் குடித்த மாவட்டம் அம்பாறை. அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒருவரிடம் 'கலக்கும் சூழ்நிலை அடிக்கடி வருகிறதா' என்று கேட்டால் அவர் எதை வைத்து ஒப்பிடுவார்? அளவுகோலின் கீழ்முனை கோபன்ஹேகனில் ஓர் இடத்திலும் கல்முனைப் பக்கத்தில் வேறோர் இடத்திலும் ஊன்றி நிற்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அடக்கியும் சொல்லவில்லை. கேள்வி அவருடைய நினைவிலிருந்து இழுத்து வந்த அளவு அது. இதனால்தான் 'பொதுவாக' என்று கேட்கிற கேள்விகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நேற்றுப் பின்னேரம் என்ன நடந்தது என்று கேட்டால் சுனாமி குறுக்கே வராது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் இந்த எண்ணை மிஸ்ஸின் மனநிலை என்று வாசித்துவிட்டார்கள். உணர்வுச் சுமை என்பது வேலை கேட்பது. உளச்சோர்வு என்பது ஆளிடம் நடப்பது. 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் செய்த 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் அளப்பது இரண்டாவதை: உணர்வுச் சோர்வு, ஆட்களை ஆட்களாகப் பார்க்காமல் போவது, சாதித்தோம் என்ற எண்ணம் குறைவது. 2001இல் எவாஞ்சலியா டெமரூட்டியும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்த மாதிரி இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. வேலை கேட்பது ஒரு பக்கம், வேலை கொடுக்கும் உதவி இன்னொரு பக்கம், கேட்பது கூடி உதவி குறையும்போது சோர்வு வருகிறது. சோர்வை அளந்தால் ஆளை ஆலோசனைக்கு அனுப்பத் தோன்றும். சுமையை அளந்தால் விடுதியைத் திரும்பிப் பார்க்க வேண்டி வரும். இரண்டாவது கொஞ்சம் சங்கடமான வேலை என்பதால் எல்லோருக்கும் முதலாவதுதான் பிடிக்கிறது.

சி.ஆர். கொப்பி

ஆகவே ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது அட்டை போட்ட பெரிய குறிப்பேடு, வாங்கி, பக்கத்துக்கு ஐந்து கட்டம் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கடமை முடிந்ததும் எழுத வேண்டும்: அன்று மனதை அதிகம் இழுத்தது எது, யாரோடு, அப்போது எதை அடக்கிக்கொண்டீர்கள், 0 முதல் 10 வரை எவ்வளவு, எத்தனை மணிக்கு அது உங்களை விட்டது. கடைசிக் கட்டத்தை நான் பெரிதாக எதிர்பார்த்துப் போடவில்லை. ஒரு மாதக் கடமைப் பட்டியல் முழுக்க எழுதினார். கொப்பி அவருடைய கைப்பையிலேயே இருந்தது, வேறு யார் கைக்கும் போகவில்லை.

மரணங்கள்தான் மேலே வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஓர் இரவுக் கடமையில், வயது போன ஓர் அம்மா, பிள்ளைகள் எல்லோரும் வந்து சுற்றி நிற்க, மகள் ஒருத்தி மெல்லிய குரலில் தேவாரம் சொல்லிக்கொண்டிருக்க, விடியப்புறம் போய்ச் சேர்ந்தார். மிஸ் போட்டது 3. 'கவலை. ஆனா எல்லாம் ஒழுங்கா நடந்தது' என்று பக்கத்தில் ஒரு வரி.

9 போட்டிருந்த பின்னேரம் ஒன்றை அப்படியே தருகிறேன். கடமை பிற்பகல் 1 முதல் 7 வரை. நாலரை மணிபோல் 14ஆம் கட்டில் உம்மா மௌத்தானார். பிள்ளைகள் அன்று இஷாத் தொழுகைக்குப் பிறகே அடக்கிவிட வேண்டும் என்று நிற்கிறார்கள், நியாயம்தான். ஆனால் மரணத்தை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டிய ஹவுஸ் ஒபிசர், விடுதியின் இளம் வைத்தியர், அவசர சிகிச்சைப் பிரிவில் மாட்டிக்கொண்டார். "மிஸ், ஒரு கையெழுத்துத்தானே, நீங்க போட ஏலாதா?" "எனக்கு அதுக்கு அதிகாரம் இல்ல காக்கா, கொஞ்சம் பொறுங்க, ஆள் அனுப்பியிருக்கன்." மறுபடி, மறுபடி. மூத்த மகன் கத்தவில்லை. அதுதான் கூடக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறார், கத்தினால் மனதுக்குள் ஒரு கோபமாவது வந்து காப்பாற்றும்.

ஐந்து மணிக்கு வாசல் திறந்து பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். 9ஆம் கட்டிலின் மகள் கையில் துண்டு. வைத்தியசாலையில் இல்லாத ஊசியை வெளியே பாமசியில் வாங்கி வரச் சொல்லும் அந்தத் துண்டு 2022 டொலர் நெருக்கடியில் எல்லா வீட்டுக்கும் பழகிவிட்டது, நெருக்கடி தணிந்த பிறகும் சில மருந்துகளுக்கு முழுதாகப் போகவில்லை. "நேத்து ஒண்டோட சரி எண்டீங்க. இண்டைக்கும் துண்டா மிஸ்?" நேற்று அப்படிச் சொன்னது மிஸ் இல்லை, வேறு கடமையில் இருந்தவர். அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்பதால் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு ஹவுஸ் ஒபிசர் ஓடி வந்தார், கையெழுத்துப் போட்டார், போகிற வழியில் 3ஆம் கட்டிலில் நின்றார். பெரிய பக்கவாதம், மூன்றாம் நாள். ஹவுஸ் ஒபிசர் தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் இன்னும் வரவில்லை. நல்ல பிள்ளை, ஆனால் அன்று அவருக்கும் நிற்க நேரமில்லை. இனி பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்பதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கட்டில் அருகே கணவர், எழுபது வயதிருக்கும், சாரத்தைப் பிடித்தபடி மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மிஸ் சொன்னார். அவர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வீட்ட கொண்டு போகவா மகள்?" என்று கேட்டார்.

அடக்கியது என்ற கட்டத்தில் இருந்தது: 'அழுகை. டொக்டர் நிண்டு கேட்டிருக்கலாம் எண்ட கோபம்.' கடைசிக் கட்டத்தில்: இரவு 9.15. கடமை முடிந்தது 7 மணிக்கு. மட்டக்களப்பு வீதி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர்ந்து சோறு போடும்போது, 9ஆம் கட்டில் மகளின் சின்னம்மா, இரண்டு வீடு தள்ளி இருப்பவர், படலையில் நின்று கூப்பிட்டிருக்கிறார், அந்த ஊசி கட்டாயம் போடத்தான் வேண்டுமா என்று கேட்க.

மாதம் முழுக்கப் புரட்டிப் பார்த்தால் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. 7க்கு மேல் போட்ட இடங்களில் பெரும்பாலானவை பின்னேரக் கடமை, அதிலும் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி. பெரும்பாலானவற்றில் மிஸ் வேறு யாரோ எடுத்த முடிவை, வேறு யாரோ சொல்ல வேண்டிய செய்தியை, தன் வாயால் சொல்கிறார். கடமைப் பொறுப்புப் பட்டியலில் எந்த வரியிலும் இது இல்லை. மொழி தெரியாத வைத்தியருக்கும் மொழி மட்டுமே தெரிந்த உறவினருக்கும் நடுவே நிற்பதை நம் பக்கத்தில் எல்லோரும் 'ஒரு உதவி' என்றுதான் நினைக்கிறோம். கெட்ட செய்தியைச் சொன்னவர் முகத்தைத்தான் குடும்பம் ஞாபகம் வைத்திருக்கும், சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அந்த முகத்தைத்தான் நிறுத்திக் கேட்கும்.

1983இல் ஆர்லி ஹொக்ஷில்ட் உணர்வு உழைப்பைப் பற்றி எழுதியபோது அவர் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. பயணி இறங்கிப் போனால் சிரிப்பை எடுத்து வைத்துவிடலாம். அந்த வழியில் வந்த அளவுகோல்கள் பலவற்றில், வேலை செய்கிறவரும் எதிரே நிற்பவரும் அந்நியர்கள் என்ற ஓர் எண்ணம் அடியில் கிடக்கிறது. இங்கே எதிரே நிற்பவர் மகனின் வாத்தியார், மச்சாளின் மாமியார், முந்தாநாள் மீன் தந்தவர். கொப்பியின் கடைசிக் கட்டம் கடமை முடிந்த நேரத்தோடு ஒத்துப்போன நாட்கள் அந்த மாதத்தில் குறைவுதான்.

சரி, இன்னொரு வகையும் இருந்தது, அதற்குப் பெயரே உண்டு. சரியென்று தெரிந்ததைச் செய்யவிடாமல் நிறுவனம் தடுக்கும்போது வரும் வேதனையை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் தாதியரை வைத்தே எழுதினார், தார்மீக வேதனை என்று வைத்துக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்ததே, 2021 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும்வரை, அந்த மாதங்களில் இங்கே வேலை செய்த எந்தத் தாதியிடமும் கேட்டுப் பாருங்கள். விதியை எழுதியவர்கள் கொழும்பில். சொன்னவர்கள் விடுதி வாசலில். மிஸ் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார், அப்புறம் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன்.

மறுபடி அளந்தபோது

அதே நான்கு கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், கடமைக்குக் கடமை தனியாகக் கேட்டேன். காலைக் கடமை 37.5. இரவு 50. பின்னேரம் 81.25. ஒரே ஆள், ஒரே விடுதி. ஓர் ஆளின் எண்களை வைத்துப் புள்ளிவிவரம் பேச முடியாது, நம்பகத்தன்மைக் கணக்கெல்லாம் இங்கே அர்த்தமற்றது, அதை மறந்துவிடாமல்தான் சொல்கிறேன். ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்ட இது போதும். மூன்றையும் ஒன்றாய்க் கலந்து ஒரே எண்ணாக்கினால் பின்னேரம் மறைந்துபோகிறது.

இவற்றைப் பொறுப்புச் சகோதரியோடும் விசேட வைத்திய நிபுணரோடும் பேசினோம், மிஸ்ஸின் சம்மதத்தோடு, கொப்பியைக் காட்டாமல். படிவங்களை இனிப் பெயரில்லாமல், ஒட்டிய உறையில் போடுவதற்கு ஒத்துக்கொண்டார்கள், அதில் சண்டை இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போது ஹவுஸ் ஒபிசரும் கூட நிற்க வேண்டும், உறவினர் முதல் கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரையாவது, என்று நிபுணர் ரவுண்டிலேயே சொல்லிவிட்டார். இது உடனே வேலை செய்தது. வைத்தியர் தமிழில் ஒரு சொல்லும் பேசாவிட்டாலும், அங்கே நின்றாலே குடும்பத்தின் பார்வை இரண்டு பேருக்கும் நடுவே பிரிந்துவிடுகிறது. அடுத்த கிழமைகளில் அப்படிப்பட்ட நேரங்களுக்கு மிஸ் 5, 6 என்றுதான் போட்டார்.

வெளியில் வாங்கும் துண்டைக் காலை ரவுண்டிலேயே கொடுத்துவிடலாம் என்ற யோசனை படுத்துவிட்டது. காலையில் கட்டிலருகே இருப்பது பெரும்பாலும் ஒரு வயதான துணையாள். காசு வைத்திருக்கும் மகனோ மருமகனோ வயலிலோ கடையிலோ இருந்து வருவது ஐந்து மணிக்குத்தான். துண்டு காலையில் கைமாறினாலும் பேச்சு பின்னேரம்தான் நடக்கும். கடமைக்குப் பிறகு படலைக்கு வரும் கேள்விகளுக்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கடிதம் அதன் பாட்டுக்கு நகர்ந்து, மிஸ்ஸைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மாற்றினார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளி, வெளியே நிற்கும் உறவினர், இடையில் கதவு. நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறார். மருத்துவ விடுதிக்கு அவருடைய இடத்துக்கு வந்தவர் அம்பாறை நகரப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, கெட்டிக்காரி, தமிழ் இப்போதுதான் பழகுகிறார். பின்னேரங்களில் ஹவுஸ் ஒபிசர் சொல்வதை உறவினர்களிடம் இப்போது சொல்வது சிற்றூழியர் அக்கா ஒருவர். அம்பாறைப் பக்கம் நெல் ஆலையில் வேலை செய்த காலத்தில் பழகிய சிங்களம். மருந்தின் பெயர் தெரியாது, நோயின் பெயர் தெரியாது, கேட்டதைக் கேட்டபடி சொல்கிறார், அப்புறம் அதே ஆட்கள் நிற்கும் தரையைத் துடைக்கிறார்.

அடுத்தமுறை படிவம் கொடுக்கும்போது அவருக்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அது தாதிய உத்தியோகத்தருக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்றார் பொறுப்புச் சகோதரி. நிபுணருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதுவரைக்கும் அந்த அக்காவுக்கும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்தாயிற்று. எழுத நேரமில்லை, நம்பரை மட்டும் போடுறன் என்றார்.